கோதுமை ஆகாத உடம்பு: வயிறு தேறிய பின் எடை ஏறுவது ஏன்?



"எலும்பும் தோலுமா இருந்த பொண்ணு, இப்போ பாரு, எப்படி ஊதிப் போயிட்டா!"

ஊரில் இப்படிப் பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். பேசுகிறவர்கள் பேசிவிட்டுப் போய்விடுவார்கள். கேட்டவள் மனம்தான் புண்படும். அந்தப் பெண்ணுக்குச் சீலியாக் என்ற நோய் இருந்தால், அந்த ஒரு பேச்சு அவள் உயிருக்கே உலை வைக்கலாம். எப்படி என்று கேட்கிறீர்களா? இந்தப் பிரசுரத்தைக் கணவனும் மனைவியும் ஒன்றாக உட்கார்ந்து படியுங்கள்.

ஒரு தம்பதியின் கதை

ஒரு தம்பதியைக் கற்பனை செய்துகொள்வோம். கணவர் பட்டாளத்தில் இருந்தவர். கல்யாணமான கையோடு மனைவியை வடக்கே குவார்ட்டர்ஸுக்கு அழைத்துப் போனார். அங்கே இரண்டு வேளையும் சப்பாத்திதான். ஆறே மாதத்தில் அவளுக்கு வயிற்றுப்போக்கு, வயிற்று உப்புசம், தலைசுற்றல். இரத்தம் 7 கிராமுக்கு இறங்கிவிட்டது. டானிக் குடித்தும் ஏறவில்லை. இரண்டு முறை கரு கலைந்தது. "ராசியில்லாதவள்" என்று உறவு ஜனம் பேசத் தொடங்கியது.

கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில் சோதித்துப் பார்த்து, "அம்மா, உனக்குக் கோதுமை ஆகாது. இனிமேல் ஆயுள் முழுக்கத் தொடக் கூடாது" என்று டாக்டர் சொன்னார். அவளும் நிறுத்தினாள். மூன்று மாதத்தில் வயிறு அடங்கியது. முகம் தெளிந்தது. 150 செ.மீ. உயரமுள்ள அவள், நோயோடு இருந்தபோது 36 கிலோ. ஒரு வருடத்தில் 48 கிலோ ஆனாள். எல்லோருக்கும் சந்தோஷம்.

அடுத்த வருடம் 59 கிலோ. இப்போது யாருக்கும் சந்தோஷம் இல்லை. மாமியார், "மாசமா இருக்கியா?" என்று கேட்டார். இல்லை என்றதும் முகம் சுளித்தார். கணவர் கேலி செய்தார். பக்கத்து வீட்டுக்காரி, "ராத்திரியில சாதத்தை விட்டுட்டு ரெண்டு சப்பாத்தி சாப்பிடு, தானா இளைக்கும்" என்று யோசனை சொன்னாள்.

அவளும் யாருக்கும் தெரியாமல் சப்பாத்தி சாப்பிடத் தொடங்கினாள். இளைக்கவும் செய்தாள். ஆனால் அது எப்படிப்பட்ட இளைப்பு? பழைய நோய் திரும்பி வந்த இளைப்பு!

இந்தத் தவறு உங்கள் வீட்டில் நடக்கக் கூடாது. அதற்குத்தான் இவ்வளவும் சொல்கிறோம்.

சீலியாக் நோய் என்றால் என்ன?

கோதுமையிலும் வாற்கோதுமையிலும், அதாவது பார்லியிலும், மேலைநாட்டு ரை தானியத்திலும் ஒரு பசைச்சத்து இருக்கிறது. மைதா மாவைப் பிசைந்தால் ரப்பர் மாதிரி இழுபடுகிறதே, பரோட்டா மாஸ்டர் அதை வீசி விரிக்கிறாரே, அந்த இழுவையைத் தருவது இந்தச் சத்துதான். இதற்குக் குளூட்டன் என்று பெயர். பெரும்பாலோருக்கு இதனால் ஒரு தொல்லையும் இல்லை. சீலியாக் நோய் உள்ளவர்களுக்கோ, இது உள்ளே போனதும் உடம்பின் காவல் படையே தன் சொந்தக் குடலைத் தாக்கத் தொடங்கிவிடுகிறது.

நம் சிறுகுடலின் உட்சுவர் தேங்காய்ப்பூத் துண்டு போன்றது. நெருக்கமாகச் சின்னச் சின்னக் குஞ்சங்கள் நீட்டிக்கொண்டிருக்கும். இவற்றைக் குடலுறிஞ்சிகள் என்பார்கள். தண்ணீரைத் துண்டு உறிஞ்சுகிற மாதிரி, நாம் சாப்பிட்ட சோற்றின் சத்தை இவைதான் உறிஞ்சி இரத்தத்தில் சேர்க்கின்றன. சீலியாக் நோயில் இந்தக் குஞ்சங்கள் தேய்ந்து, துண்டு வழவழவென்று ஆகிவிடுகிறது. வழவழத்த துணி தண்ணீரை உறிஞ்சுமா? அதுபோல, எவ்வளவு சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டாது. இரத்தசோகை, எலும்பு பலவீனம், வயிற்றுப்போக்கு, குழந்தைகளுக்கு வளர்ச்சிக் குறைவு எல்லாம் இதனால்தான். பெண்களுக்கு மாதவிலக்கு தவறலாம். கருத்தரிப்பது தாமதமாகலாம். கரு கலையலாம். பிறக்கும் குழந்தை எடை குறைந்து பிறக்கலாம்.

இது தொற்று நோய் அல்ல. தெய்வக் குற்றமும் அல்ல. பரம்பரைக் கூறு உள்ளவர்களுக்கு வருவது. ஒருவருக்கு இருந்தால் அவருடைய பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளில் சுமார் 10 பேரில் ஒருவருக்கு இருக்கக்கூடும். அவர்களும் சோதித்துக்கொள்வது நல்லது.

இதற்கு மருந்து மாத்திரை இல்லை. கோதுமையை நிறுத்துவதே வைத்தியம். இந்த உண்மை தெரியவந்த கதை விசித்திரமானது. இரண்டாம் உலகப் போரின்போது, 1944-45 குளிர்காலத்தில், நெதர்லாந்து நாட்டில் கடும் பஞ்சம். ரொட்டி கிடைக்கவில்லை. ஊரெல்லாம் மெலிந்தபோது, சீலியாக் நோயுள்ள பிள்ளைகள் மட்டும் தேறினார்கள். ரொட்டி திரும்பி வந்ததும் மறுபடி நோயில் விழுந்தார்கள். டிக்கி என்ற குழந்தை மருத்துவர் இதைக் கவனித்து ஆராய்ந்து, 1950 இல் தம் ஆய்வேட்டில் கோதுமையே குற்றவாளி என்று எழுதினார்.

நம் பக்கத்தில் இது உண்டா?

உண்டு, ஆனால் குறைவு. 2016 இல் வெளியான ஓர் ஆய்வில் வட இந்தியா, வடகிழக்கு, தென் இந்தியா மூன்றிலும் சேர்த்து 23,000க்கும் மேற்பட்டவர்களைச் சோதித்தார்கள். இந்த நோய்க்கான அடையாளம் வடக்கே நூற்றுக்கு 1.23 பேர் இரத்தத்தில் இருந்தது. தெற்கே நூற்றுக்கு 0.10 பேர்தான். வடக்கே ஒருவர் நாளொன்றுக்கு 455 கிராம் கோதுமை சாப்பிட்டார். தெற்கே 25 கிராம்தான். நெல்லுச்சோறு தின்றே வளர்ந்ததால் நம்மில் பலருக்கு நோய் தலைகாட்டவில்லை என்று இதிலிருந்து நினைக்க இடமிருக்கிறது. ஆனால் இப்போது மூலைக்கு மூலை பரோட்டாக் கடை. வேலைக்கு வடக்கே போகிறவர்களும் ஏராளம். ஆகவே நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது.

சரி, எடை ஏன் ஏறுகிறது?

விவசாயிக்குப் புரிகிற மாதிரியே சொல்கிறோம்.

உங்கள் வயலுக்குப் போகிற வாய்க்கால் வழியெல்லாம் உடைந்து கிடக்கிறது. பாதித் தண்ணீர் வழியிலேயே வீணாகிறது. அதனால் மோட்டாரை மூன்று மணி நேரம் ஓட விடுகிறீர்கள். அப்போதும் பயிர் வாடுகிறது. பிறகு ஒரு நாள் வாய்க்காலை மண் அணைத்துச் செப்பனிட்டுவிட்டீர்கள். ஒரு சொட்டும் வீணாகவில்லை. இப்போதும் பழைய வழக்கப்படி மூன்று மணி நேரம் மோட்டாரை ஓட விட்டால் என்ன ஆகும்? வயல் மூழ்கிப் போகும்!

உடம்பிலும் நடப்பது இதுதான். நோயோடு இருந்தபோது சாப்பிட்டதில் ஒரு பங்கு உடம்பில் சேராமலே வெளியே போயிற்று. பசி அடங்கவில்லை. வீட்டாரும் "நல்லா சாப்பிடும்மா, உடம்பு தேறணும்" என்று நெய்யும் பழமும் உளுந்தங்களியும் கொடுத்துப் பழக்கினார்கள். கோதுமையை நிறுத்திய பின் குடல் மெல்ல மெல்ல ஆறிவிட்டது. இப்போது சாப்பிட்டது முழுவதும் உடம்பில் சேருகிறது. சாப்பாட்டின் அளவோ பழைய அளவாகவே இருக்கிறது. மிச்சம் கொழுப்பாகச் சேர்கிறது. அவ்வளவுதான் ரகசியம்.

இது ஒருவருக்கு இருவருக்கு நடப்பதல்ல. வட அயர்லாந்தில் 371 சீலியாக் நோயாளிகளைப் பற்றிய ஆய்வு ஒன்று 2006 இல் வெளிவந்தது. பத்தியத்தைச் சரியாகக் கடைப்பிடித்தவர்களில் நூற்றுக்கு 81 பேருக்கு இரண்டு வருடத்தில் எடை கூடியிருந்தது. இன்னொன்றும் தெரிந்தது. நோய் கண்டுபிடிக்கப்பட்ட நாளிலேயே நூற்றுக்கு 39 பேர் அளவுக்கு மிஞ்சிய எடையோடுதான் இருந்தார்கள். மெலிந்திருந்தவர்கள் நூற்றுக்கு 5 பேரே. ஆகவே "குண்டா இருக்கிறவங்களுக்குச் சீலியாக் வராது" என்பதும் தவறு.

வேறு காரணங்களும் உண்டு.

1. மாற்று உணவு. கோதுமையை விட்டதும் மூன்று வேளையும் அரிசி என்று ஆகிவிடுகிறது. காலையில் இட்லி, மதியம் சோறு, இரவு தோசை. நடுவில் ஜவ்வரிசி வடகம், மரவள்ளிக் கிழங்கு, சிப்ஸ். எல்லாம் மாவுச்சத்தே. பருப்பும் காயும் தட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

2. கடைப் பொட்டலங்கள். குளூட்டன் இல்லாதது என்று அச்சிட்ட பிஸ்கட்டும் கேக்கும் பெரிய கடைகளில் விற்கிறார்கள். மாவு மிருதுவாக வர வேண்டும் என்று அவற்றில் பலவற்றில் கொழுப்பையும் சர்க்கரையையும் கூட்டியிருப்பார்கள். விலையும் அதிகம். கோதுமை இல்லை என்பதால் மட்டும் ஒரு பண்டம் உடம்புக்கு நல்லதாகிவிடாது.

3. தேநீர்ச் சர்க்கரை. ஒரு டம்ளருக்கு இரண்டு சிறு கரண்டி, அதாவது 10 கிராம். நாளைக்கு நான்கு டம்ளர் என்றால் 40 கிராம். மாதத்திற்கு 1 கிலோ 200 கிராம் சர்க்கரை! இதை யாரும் கணக்கில் வைப்பதில்லை.

4. உழைப்பு குறைவு. "நோயாளிப் பொண்ணு" என்று வேலை வாங்காமல் வைத்திருந்தோம். நோய் போன பிறகும் அப்படியே வைத்திருக்கிறோம்.

கொழுப்புத்தானா? முதலில் இதைப் பாருங்கள்

எடை ஏறினால் எல்லாம் கொழுப்பு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கீழே உள்ளவற்றை ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டித் தெளிந்துகொள்ளுங்கள்.

தைராய்டு: கழுத்தில் இருக்கும் தைராய்டு சுரப்பி மந்தப்பட்டால் எடை கூடும். சோம்பல், குளிர் தாங்காமை, தோல் வறட்சி, முடி உதிர்தல், மலச்சிக்கல், அதிக உதிரப்போக்கு இவை அறிகுறிகள். சீலியாக் நோய் உள்ளவர்களுக்குத் தைராய்டுக் கோளாறு மற்றவர்களைவிட அதிகமாக வருகிறது. இரண்டும் உடம்பின் காவல் படை தன்னையே தாக்குவதால் வருபவை. அக்காள் தங்கை போல. ஓர் இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். தைராய்டு மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு விழுங்க வேண்டும். ஏற்கெனவே அந்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள், குடல் ஆறிய பின் அளவைக் குறைக்க வேண்டியிருக்கலாம். ஆகவே மறுபடி சோதித்துக்கொள்ளுங்கள்.

நீர் கோர்த்தல்: கணுக்காலுக்கு மேலே கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். குழி விழுந்து உடனே மேலெழாவிட்டால் அது கொழுப்பல்ல, நீர். புரதச் சத்துக் குறைவாலோ, சிறுநீரகம், இருதயம், ஈரல் இவற்றின் கோளாறாலோ இருக்கலாம். நாலைந்து நாளில் இரண்டு கிலோ கூடினால், மூச்சு வாங்கினால், முகம் வீங்கினால் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும்.

கர்ப்பம்: இதைத் தம்பதிகள் நன்றாகக் கவனிக்க வேண்டும். நோயோடு இருந்தபோது மாதவிலக்கு ஒழுங்கில்லை, கரு தங்கவில்லை. "இனி எங்கே ஆகப் போகுது" என்று இருவரும் அசட்டையாக இருந்துவிடுகிறார்கள். குடல் ஆறியதும் மாதவிலக்கு ஒழுங்குபடும், கருவும் தரிக்கும். குழந்தை வேண்டும் என்போருக்கு இது நல்ல செய்தி. ஆனால் இரத்தமும் போலிக் அமிலமும் சரியாகி, மருத்துவர் "இப்போது பெற்றுக்கொள்ளலாம்" என்று சொன்ன பின் கருத்தரிப்பதே தாய்க்கும் பிள்ளைக்கும் நலம். அதுவரை ஒரு கருத்தடை முறையைக் கையாளுங்கள்.

மருந்துகள்: சில நோய்களுக்கு நீண்ட நாள் கொடுக்கும் ஸ்டீராய்டு மருந்துகள் எடையைக் கூட்டும். தாமாக நிறுத்தக் கூடாது. மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கருத்தடை முறைகளும் எடையும்

"குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ணினதாலதான் பெருத்துட்டேன்" என்று சொல்லும் பெண்கள் உண்டு. அது சரியல்ல. அந்த அறுவையில் கருக்குழாயை மட்டும்தான் அடைக்கிறார்கள். அதனால் எடை கூடாது. காப்பர்-டி போட்டுக்கொள்வதாலும் கூடாது. நிரோத்துக்கும் எடைக்கும் சம்பந்தமே இல்லை. ஆண்கள் செய்துகொள்ளும் வாசக்டமியாலும் எடை கூடாது, உழைக்கும் சக்தியும் குறையாது.

மூன்று மாதத்திற்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசியால் சிலருக்கு எடை கூடுவதுண்டு. எலும்பின் உறுதியையும் அது ஓரளவு குறைக்கிறது. சீலியாக் நோயில் ஏற்கெனவே எலும்பு பலவீனப்பட்டிருக்கக்கூடும். ஆகவே ஊசி போடுவதற்கு முன் "எனக்குச் சீலியாக் இருக்கிறது" என்று தவறாமல் சொல்லுங்கள். வேறு முறை வேண்டுமானால் மாற்றிக் கொடுப்பார்கள். யாரையும் கேட்காமல் பாதியில் நிறுத்திவிட்டு, வேண்டாத கர்ப்பத்தில் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

சப்பாத்தி சாப்பிட்டால் இளைக்காதா?

இந்த இடத்தை இரண்டு முறை படியுங்கள்.

சர்க்கரை நோயாளிகள் இரவில் சப்பாத்தி சாப்பிடுவதைப் பார்த்து, "சப்பாத்தி இளைக்க வைக்கும்" என்று நம் ஜனங்கள் முடிவு கட்டிவிட்டார்கள். சோறானாலும் சப்பாத்தியானாலும் அளவுதான் எடையைத் தீர்மானிக்கிறது. சீலியாக் உள்ளவர் சப்பாத்தி சாப்பிட்டு இளைத்தால், குடல் மறுபடி புண்ணாகிறது என்று அர்த்தம். கொழுப்பு மட்டும் குறையாது. இரும்புச் சத்து, சுண்ணாம்புச் சத்து எல்லாம் சேர்ந்தே போகும். இரத்தசோகை திரும்பும். எலும்பு நொறுங்கும். தரித்த கரு கலையலாம். பல வருடம் இப்படியே தொடர்ந்தால், அபூர்வமாகச் சிலருக்குக் குடலில் ஒருவகைப் புற்றுநோயும் வரலாம். சிலருக்கு வயிற்றுப்போக்கோ வலியோ எதுவும் தெரியாமலே உள்ளே சேதம் நடக்கும். "எனக்கு ஒண்ணும் பண்ணலையே" என்று நினைத்து ஏமாறாதீர்கள்.

வீட்டை எரித்துக் குளிர் காய்வதற்கு ஒப்பான காரியம் இது. எடை குறைய வேறு வழி இருக்கிறது. கோதுமை அந்த வழி அல்ல.

உங்களுக்கு ஏற்ற எடை எவ்வளவு?

150 செ.மீ. உயரமுள்ளவருக்கு 42 முதல் 51 கிலோ வரை ஏற்றது. 165 செ.மீ. உயரமுள்ளவருக்கு 51 முதல் 62 கிலோ வரை. இடுப்பைச் சுற்றி அளந்தால் பெண்ணுக்கு 80 செ.மீ., ஆணுக்கு 90 செ.மீ. தாண்டக் கூடாது. மேலே சொன்ன பெண் 36 இலிருந்து 48 கிலோ ஆனது நோய் தேறியதற்கு அடையாளம். அதைப் பார்த்து யாரும் பயப்படக் கூடாது. 51ஐத் தாண்டியபோதுதான் கவனித்திருக்க வேண்டும். 59 வரை விட்டதுதான் தவறு. மாதம் ஒரு முறை, ஒரே தராசில், ஒரே நேரத்தில் எடை பார்த்து நோட்டில் குறித்து வையுங்கள். தினம் தினம் ஏறி நின்று கவலைப்பட வேண்டாம்.

எடையை அளவில் வைக்க

தட்டை மனதில் நான்காகப் பிரியுங்கள். இரண்டு பங்கு காய்கறி, கீரை. ஒரு பங்கு பருப்பு, சுண்டல், முட்டை, மீன் இவற்றில் ஒன்று. ஒரு பங்குதான் சோறு. இந்த ஒன்றை மட்டும் கடைப்பிடித்தாலே பெரும்பகுதி சரியாகிவிடும்.

கேழ்வரகு, கம்பு, சோளம், தினை, சாமை, வரகு, குதிரைவாலி இவை எதிலும் குளூட்டன் கிடையாது. நம் பாட்டன் பூட்டன் தின்ற தானியங்கள். நார்ச்சத்து உள்ளவை, பட்டை தீட்டிய அரிசியைவிட வயிற்றில் நின்று பசி தாங்கும். ஒரு வேளை அரிசிக்குப் பதில் இவற்றைச் சேருங்கள். ஆனால் இவற்றையும் மலைபோல் குவித்துச் சாப்பிட்டால் எடை ஏறத்தான் செய்யும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு.

எண்ணெய் ஒருவருக்கு மாதம் அரை லிட்டருக்கு மேல் வேண்டாம். தேநீரில் சர்க்கரையைப் பாதியாக்குங்கள். மோரும் வேர்க்கடலையும் கொய்யாப்பழமும் பஜ்ஜி, சிப்ஸைவிட நல்லவை. வாரத்தில் ஐந்து நாளாவது அரை மணி நேரம் வேகமாக நடங்கள். கணவனும் மனைவியும் சேர்ந்து நடந்தால் பேச்சுத் துணையும் ஆயிற்று.

பட்டினி கிடக்காதீர்கள். மாதம் ஒன்றிரண்டு கிலோ குறைந்தால் போதும். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும் எடை குறைக்க முயலக் கூடாது.

மறைந்திருக்கும் கோதுமை

பரோட்டா, சப்பாத்தி, பூரி, பிரெட், பிஸ்கட், பன் இவை எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் உள்ளே போகிறவை இவை:

ரவை உப்புமா, கேசரி, சேமியாப் பாயசம். ரவையும் சேமியாவும் கோதுமைதான்.

கூட்டுப் பெருங்காயம். கடைகளில் விற்கும் பெருங்காயம் பலவற்றில் மைதா கலப்பார்கள். பொட்டலத்தைப் பார்த்து வாங்குங்கள். சாம்பாரிலும் இரசத்திலும் தினம் சேர்வது அல்லவா!

பார்லிக் கஞ்சி, மால்ட் பானங்கள், பீர்.

சத்துமாவு. கோதுமை சேர்த்ததா என்று கேட்டு வாங்குங்கள்.

ரோட்டோரக் கடைகளில் பிரைடு ரைசுக்கு ஊற்றும் சோயா சாஸ். இதில் பெரும்பாலும் கோதுமை இருக்கும்.

மாவு மில். இதை யாரும் நினைப்பதில்லை. உங்களுக்கு முன் ஒருவர் கோதுமை அரைத்துவிட்டுப் போயிருந்தால், உங்கள் கேழ்வரகு மாவோடு அந்த மாவும் வரும். மில் இயந்திரத்தைத் தட்டிச் சுத்தம் செய்துவிட்டு, காலையில் முதல் ஆளாக அரைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் வீட்டிலேயே அரையுங்கள்.

பொட்டலத்தில் "கோதுமை உள்ளது" அல்லது "குளூட்டன் உள்ளது" என்று அச்சிட வேண்டும் என்பது சட்டம். படிக்கத் தெரியாவிட்டால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

கணவருக்கு ஒரு வார்த்தை

ஐயா, உங்கள் மனைவி பட்டது போதும். வயிற்று நோயும் பட்டாள், ஊர்ப் பேச்சும் கேட்டாள். இப்போது உடம்பு தேறி வரும்போது "பெருத்துட்டே" என்று நீங்களே கேலி செய்தால் அவள் எங்கே போவாள்? பத்தியத்தை உடைப்பாள், அல்லது சாப்பாட்டையே வெறுப்பாள். உங்கள் அம்மா, "ஒரு வாய் பாயசம்தானே, ஒண்ணும் ஆயிடாது" என்று சேமியாப் பாயசத்தை நீட்டினால், "வேண்டாம்மா, அவளுக்கு அது ஆகாது" என்று நீங்கள் சொல்லுங்கள். மருமகள் சொன்னால் சண்டை. மகன் சொன்னால் பேச்சு முடிந்தது.

நோய் உங்களுக்கு என்றால், அம்மா, இதே வார்த்தை உங்களுக்கும்தான். வேலைக்குப் போகும் ஆணுக்குப் பசித்தால் பரோட்டாக் கடைதான் கண்ணில் படும். ஒரு தூக்குவாளியில் கட்டுச்சோறும் சுண்டலும் கொடுத்து அனுப்புங்கள்.

வீட்டில் தனிச் சமையல் வேண்டியதில்லை. இட்லியும் சாம்பாரும் கூழும் குழம்பும் எல்லோருக்கும் பொது. வீட்டில் மற்றவர்களுக்குச் சப்பாத்தி போட்டால் மட்டும், அந்தக் கல்லையும் கரண்டியையும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

வினா-விடை

வினா: எனக்கும் வயிற்று உப்புசம் இருக்கிறது. கோதுமையை நிறுத்திப் பார்க்கலாமா?

விடை: நீங்களாக நிறுத்த வேண்டாம். கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சோதித்தால்தான் இந்த நோய் சரியாகத் தெரியும். முதலில் இரத்தப் பரிசோதனை. தேவையானால் குழாய் விட்டுக் குடலிலிருந்து சிறு சதை எடுத்துப் பார்ப்பார்கள். அதன் பிறகே பத்தியம்.

வினா: எடை நன்றாக ஏறிவிட்டது. அப்படியானால் நோய் குணமாகிவிட்டது என்று கோதுமையைத் தொடலாமா?

விடை: கூடாது. குடல் ஆறியிருக்கிறது, நோயின் தன்மை போகவில்லை. குழந்தைகளுக்குச் சில மாதங்களிலும், பெரியவர்களுக்கு ஒன்றிரண்டு வருடங்களிலோ அதற்கு மேலோ குடல் ஆறுகிறது. கோதுமை போனால் மறுபடி புண்ணாகும். ஒரு துண்டு பிரெட்டில் இருக்கும் குளூட்டன் சுமார் 2 கிராம். அதில் நாற்பதில் ஒரு பங்கு தினமும் உள்ளே போனாலே குடல் கெடக்கூடும்.

வினா: அரிசியை மட்டும் நம்பிச் சாப்பிட்டால் சர்க்கரை நோய் வராதா?

விடை: அரிசி மட்டுமே, அதுவும் அதிகமாக, உழைப்பும் இல்லாமல் என்றால் வர வழியுண்டு. பருப்பும் கீரையும் சேர்த்து அளவாகச் சாப்பிட்டு, எடையையும் கட்டுக்குள் வைத்திருந்தால் பயமில்லை. வருடம் ஒரு முறை சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வினா: எடை தானாகக் குறைந்துகொண்டே வருகிறது. நல்லதுதானே?

விடை: முயற்சி செய்யாமலே குறைந்தால் நல்லதல்ல. எங்கோ கோதுமை உள்ளே போகிறது, அல்லது வேறு நோய் இருக்கிறது. உடனே மருத்துவரைப் பாருங்கள்.

நினைவில் வையுங்கள்

கோதுமையை நிறுத்தியது எடை ஏறக் காரணமல்ல. குடல் ஆறிய பின்னும் சாப்பாட்டின் அளவை மாற்றாததே முக்கிய காரணம்.

எடை ஏறினால் தைராய்டு, நீர் வீக்கம், கர்ப்பம் மூன்றையும் முதலில் பாருங்கள்.

எடை குறைப்பதற்காக ஒருபோதும் சப்பாத்தியைத் தொடாதீர்கள்.

தட்டில் பாதி காய், மாதம் ஒரு முறை தராசு, தினம் அரை மணி நடை.

சந்தேகம் இருந்தால் உங்கள் கிராம சுகாதார செவிலியரைக் கேளுங்கள். வெட்கப்பட வேண்டாம். கணவனும் மனைவியும் சேர்ந்தே போங்கள். வாய்க்காலைச் செப்பனிட்டாகிவிட்டது, இனித் தண்ணீரை அளந்து பாய்ச்சுவது உங்கள் இருவர் கையில்தான் இருக்கிறது.

படித்து முடித்ததும் இந்தப் பிரசுரத்தைப் பக்கத்து வீட்டாருக்குக் கொடுங்கள்.